கழற்றும் நொடி

தமிழ்நாட்டுச் சமையலறைகளில் பெரும்பாலானவற்றில் ஒரு விரைவு இணைப்பான் இருக்கிறது. 14.2 கிலோ காஸ் சிலிண்டரின் தலையில் உட்காரும் ரெகுலேட்டர்தான் அது. அடியில் இருக்கும் கறுப்பு வளையத்தை மேலே தூக்கிப் பிடித்து, வால்வின் மேல் அழுத்தி வைத்து, வளையத்தை விட்டால் 'கிளிக்'. ஸ்பேனர் வேண்டாம், மரை திருக வேண்டாம். வால்வின் கழுத்தில் ஒரு பள்ளம் உண்டு. ரெகுலேட்டருக்குள் வட்டமாக அடுக்கிய சிறு குண்டுகள் அந்தப் பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்கின்றன. கறுப்பு வளையம் கீழே இருக்கும்வரை குண்டுகளுக்கு வெளியே நகர இடமில்லை. பிறகு நாபைத் திருப்பினால் ஒரு சிறு ஊசி வால்வை அழுத்துகிறது, வாயு மேலே வருகிறது. நாபை மூடிக் கழற்றினால் வால்வு தன் ஸ்பிரிங்கின் பலத்தால் தானாகவே அடைத்துக்கொள்கிறது.

இந்தச் சிறு பொருள் மூன்று வேலைகளைச் செய்கிறது: பிடிக்கிறது, கசியாமல் அடைக்கிறது, கழற்றும்போது உள்ளே இருப்பதை நிறுத்துகிறது. முதல் இரண்டும் எந்தக் குழாய் இணைப்பும் செய்ய வேண்டியவை. மூன்றாவதுதான் விரைவு இணைப்பானுக்கே உரிய பொறுப்பு. ஆனால் கடையில் வாங்கும்போது நாம் அளவையும் விலையையும் கேட்கிறோம். 'கழற்றினால் என்ன ஆகும்?' என்று கேட்பதில்லை. நான் அந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்குவேன்.

அவிநாசியில் இரண்டு வகை இணைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், பவானி ஆற்றின் உபரி நீரை 1,045 நீர்நிலைகளுக்குக் குழாய் வழியே கொண்டுபோகிறது. மண்ணுக்கடியில் போகும் அந்தக் குழாய்களின் இணைப்புகள் ஒருமுறை மூடியபின் திறக்கவே கூடாது என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை. அதே ஊரில் ஒரு நிட்டிங் யூனிட்டுக்குள் போனால், ஒரு ஷிஃப்டுக்குள்ளேயே பலமுறை கழற்றி மாட்டப்படும் இணைப்புகள் சுவரெல்லாம் தொங்குகின்றன. வட்டப் பின்னல் இயந்திரத்தில் சேரும் பஞ்சை ஊதித் தள்ள ஏர் கன். ஊசிகளுக்கு எண்ணெயைப் பனிபோலத் தெளிக்கும் சாதனம். தையல் பிரிவில் நூல் வெட்டும் சிலிண்டர்கள். பட்டன் அடிக்கும் இயந்திரம். கறை எடுக்கும் துப்பாக்கி. எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்ரசரிலிருந்து காற்று. அந்தக் காற்றைக் கருவிக்குக் கொடுக்கும் பித்தளை அல்லது இரும்பு இணைப்பானை ஃபிட்டரும் ஹார்டுவேர் கடைக்காரரும் 'க்யூ.ஆர்.சி.' என்கிறார்கள்.

க்யூ.ஆர்.சி.யின் உள்ளமைப்பு காஸ் ரெகுலேட்டருக்குச் சொந்தக்காரன்தான். பெண் முனையில் குண்டுகளும், அவற்றை மூடி நிற்கும் வழுக்கு வளையமும், ஸ்பிரிங் வைத்த வால்வும் இருக்கும். ஆண் முனை வெறும் துளையுள்ள ஒரு தண்டு. அதன் மேல் ஒரு பள்ளம், அவ்வளவே. காற்று இணைப்பான்களில் பெரும்பாலும் பெண் முனையில் மட்டுமே வால்வு உண்டு. எனவே பெண் முனை கம்ப்ரசர் பக்கம் இருக்க வேண்டும், ஆண் முனை கருவிப் பக்கம். மாற்றி மாட்டியிருந்தால் கழற்றிய உடனே வால்வில்லாத முனையிலிருந்து லைனின் முழுக்காற்றும் சீறும். ஹோஸ் கையிலிருந்து துள்ளும். இப்படி மாற்றி மாட்டிய லைன்கள் அரிதல்ல. புது மெஷின் வந்த அவசரத்தில், கையில் கிடைத்த முனையைக் கிடைத்த இடத்தில் திருகிவிடுகிறார்கள். மாட்டியிருக்கும்வரை தவறு தெரியாது, காற்றும் ஒழுங்காகத்தான் வரும்.

இன்னொரு வகை, நீல நிற பி.யூ. (பாலியூரித்தேன்) டியூபைச் செருகினாலே பிடித்துக்கொள்ளும் புஷ் ஃபிட்டிங். 4, 6, 8, 10, 12 மில்லிமீட்டர் என்று வெளிவிட்டத்தை வைத்து இதை அளக்கிறார்கள். உள்ளே துருப்பிடிக்காத எஃகில் ஒரு பல் வளையம். தூண்டில் முள்ளைப் போல உள்ளே போக விடும், வெளியே வர விடாது. இதில் அழகான இயற்பியல் ஒன்று இருக்கிறது. காற்றழுத்தம் டியூபை வெளியே தள்ளும்போது பல் வளையமும் சேர்ந்து வெளியே நகர்கிறது. அது உட்கார்ந்திருக்கும் கூடு வாய்ப்பக்கம் குறுகலானது. ஆகவே எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு இறுக்கமாகப் பற்கள் கடிக்கின்றன. கழற்ற, முகப்பில் உள்ள வளையத்தை அழுத்தி, பற்களை விரித்துவிட்டு இழுக்க வேண்டும். கசிவைத் தடுப்பது பற்கள் அல்ல, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஓ-ரிங். அதுவரை டியூப் போய்ச் சேராவிட்டால் பிடி இருக்கும், அடைப்பு இருக்காது.

அதனால்தான் டியூபை வெட்டுவதில் இத்தனை கண்டிப்பு. கத்தரிக்கோலால் வெட்டினால் முனை சரிந்து, நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். அந்தச் சரிவு ஓ-ரிங்கைக் கீறும், அல்லது ஒரு பக்கம் மட்டும் அதைத் தொடும். டியூப் கட்டர் விலை அதிகமில்லை. நேராக வெட்டி, ஃபிட்டிங்கின் ஆழத்தை டியூபின் மேல் பேனாவால் குறித்துக்கொண்டு, குறி மறையும்வரை செருகி, ஒருமுறை பின்னால் இழுத்துப் பார்த்தால் போதும். கழற்றி மறுபடி மாட்டும்போது பல் பதிந்த பழைய முனையை வெட்டி எறிந்துவிட வேண்டும். அந்தக் கீறல்கள் வழியாகத்தான் கசிவு தொடங்கும். ஃபிட்டிங்கிலிருந்து வெளிவந்ததுமே டியூபை மடக்கித் திருப்புவதும் அதே விளைவைத் தரும்.

கசிவு சின்னதாகத்தான் இருக்கும், சத்தம்கூட மெஷின் ஓசையில் கேட்காது. ஆனால் ஒரு மில்லிமீட்டர் துளை வழியே ஆறு கிலோ அழுத்தத்தில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் காற்று வெளியேறுகிறது. அதை மீண்டும் அழுத்த, கம்ப்ரசர் 0.3 கிலோவாட்டுக்குக் குறையாமல் செலவழிக்கும். இரவு பகலாக, ஆண்டுக்கு 300 நாள் ஓடும் யூனிட்டில் அது இரண்டாயிரம் யூனிட் மின்சாரத்தைத் தாண்டுகிறது, ஒரே ஒரு ஃபிட்டிங்கில். ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினும் நின்ற பிறகு கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, சோப்பு நுரையோடு லைனைச் சுற்றி வந்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. கால் இஞ்ச் டியூபின் வெளிவிட்டம் 6.35 மில்லிமீட்டர். 6 மி.மீ. டியூபைக் கால் இஞ்ச் ஃபிட்டிங்கில் செருகினால் சுகமாகப் போகும், கொஞ்ச நேரம் பிடிக்கவும் செய்யும், பிறகு கசியும் அல்லது பிய்த்துக்கொண்டு வரும். ஆனால் 5/16 இஞ்ச் என்பது 7.94 மி.மீ.; அது 8 மி.மீ. ஃபிட்டிங்கில் பொருந்திவிடுகிறது. ஒன்று பொருந்தியதைப் பார்த்து மற்றதும் பொருந்தும் என்று நம்பிவிடுகிறோம்.

மரையிலும் இதே கதை. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரைக் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 பாகை என்றார். பிரிட்டிஷ் குழாய் மரை முதல் வழியில் வந்தது, நாம் பயன்படுத்துவது அதுதான். அமெரிக்கக் குழாய் மரை இரண்டாவது வழியில் வந்தது. கால் இஞ்ச் அளவில் பிரிட்டிஷ் மரைக்கு இஞ்சுக்கு 19 புரி, அமெரிக்க மரைக்கு 18. இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகி நின்று காட்டிக்கொடுத்துவிடும். அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டுக்குமே 14 புரி. கோணம் வேறாக இருந்தும் கடைசிவரை ஏறிவிடும். பல நாட்டு இயந்திரங்கள் ஒரே கூரையின் கீழ் ஓடும் திருப்பூர் வட்டாரத்தில், கசியும் அரை இஞ்ச் இணைப்பின் மேல் டெஃப்லான் டேப்பை மேலும் மேலும் சுற்றுவதற்கு முன்னால் இரண்டு மரையும் ஒரே நாட்டுக்காரர்களா என்று பார்ப்பது நல்லது. க்யூ.ஆர்.சி.யிலும் ஐரோப்பிய, அமெரிக்க, ஜப்பானிய வடிவங்கள் தனித்தனி. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், அரைகுறையாகப் பூட்டும். ஒரு யூனிட்டுக்கு ஒரே வடிவம் என்று முடிவெடுத்துவிட்டு, கோவையிலேயே உதிரி கிடைக்கும் வகையைத் தேர்ந்தெடுப்பதுதான் என் யோசனை. மலிவாகக் கிடைத்தது என்று கலந்து வாங்குவதில் மிச்சமாவது எதுவுமில்லை.

இனி அழுத்தத்துக்கு வருவோம். பட்டறையில் 'ஏழு கிலோ ஏர்' என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் 7 கிலோ எடை தள்ளுகிறது என்று பொருள். 12 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸின் குறுக்குப் பரப்பு சுமார் 1.1 சதுர செ.மீ.; இணைப்பைப் பிரிக்கப் பார்க்கும் விசை 8 கிலோவுக்குக் குறைவு, கையால் சமாளித்துவிடலாம். 25 மி.மீ. ஹோஸில் அது 34 கிலோ. 50 மி.மீ. என்றால் 137 கிலோ. விட்டம் நான்கு மடங்கானால் விசை பதினாறு மடங்கு. சிறிய ஹோஸில் பழகிய கை, பெரிய ஹோஸிலும் அதே பழக்கத்தில் வளையத்தை இழுக்கிறது.

விசையைவிட ஆபத்தானது சேமித்த ஆற்றல். 12 மி.மீ. ஹோஸ் பத்து மீட்டர் நீளமிருந்தால் அதற்குள் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான காற்று அடங்கும். அந்த ஒரு லிட்டர், ஏழு கிலோ அழுத்தத்திலிருந்து விரியும்போது சுமார் 950 ஜூல் ஆற்றலைத் தர முடியும். 10 கிலோ எடையைப் பத்து மீட்டர் உயரத்துக்குத் தூக்க அது கிட்டத்தட்டப் போதும். அதே ஹோஸில் அதே அழுத்தத்தில் தண்ணீர் இருந்தால், சேமிப்பில் இருப்பது ஒரு ஜூலில் பத்தில் ஒரு பங்குதான், ஏனென்றால் தண்ணீர் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. தண்ணீர் ஹோஸ் பிய்த்துக்கொண்டால் நனைவோம். காற்று ஹோஸ் பிய்த்துக்கொண்டால், பின்னாலிருந்து கம்ப்ரசர் தொட்டியும் ஊட்டிக்கொண்டே இருக்க, உலோக முனையோடு சேர்ந்து அது சாட்டையாக அடிக்கும்.

இதற்காகவே அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள், கட்டுமான வேலைகளில் அரை இஞ்சுக்கு மேல் உள்விட்டமுள்ள காற்று ஹோஸ்களுக்கு, ஹோஸ் அறுந்தால் அழுத்தத்தைக் குறைக்கும் பாதுகாப்புச் சாதனம் மூலத்திலேயே இருக்க வேண்டும் என்கின்றன. 'ஏர் ஃபியூஸ்' என்று விற்கிறார்கள். ஓட்டம் திடீரென்று எகிறினால் அது தானாக அடைத்துக்கொள்ளும். இணைப்பான்களிலும் இரண்டு கட்டமாகத் திறக்கும் வகை உண்டு: முதல் இழுப்பில் லைன் அடைபட்டு, ஹோஸில் மிச்சமிருக்கும் காற்று மெல்ல வெளியேறும், ஆண் முனை இன்னும் பூட்டிலேயே இருக்கும், இரண்டாவது இழுப்பில்தான் கைக்கு வரும். சாதாரண க்யூ.ஆர்.சி.யைவிட விலை கூடுதல்தான். எல்லா இடத்திலும் மாற்ற முடியாதென்றால், பெரிய ஹோஸ்களிலும் முகத்தின் உயரத்தில் இருக்கும் இணைப்புகளிலும் முதலில் மாற்றலாம். அதுவும் இல்லையென்றால் க்யூ.ஆர்.சி.க்கு முன்னால் ஒரு பால் வால்வு. அதை மூடி, கன்னை அழுத்திக் காற்றைத் தீர்த்துவிட்டுக் கழற்றுவது.

ஏர் கன் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஷிஃப்ட் முடிந்ததும் உடம்பில் ஒட்டிய பஞ்சை ஏர் கன்னால் ஊதிக்கொள்வது பனியன் கம்பெனிகளில் சகஜமாகிவிட்டது. அந்தக் காற்று கண்ணைக் கெடுக்கும், காதின் சவ்வைக் கிழிக்கும், தோலில் சின்னக் காயம் இருந்தால் அதன் வழியே உள்ளே புகும். விளையாட்டாக ஒருவர் மேல் ஒருவர், பின்புறத்தில் பிடித்து அடித்து, குடல் கிழிந்து இறந்துபோன இளம் தொழிலாளர்களைப் பற்றிய செய்திகள் இந்தியச் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. மெஷினைச் சுத்தம் செய்யும் காற்றுக்கே அமெரிக்க விதி வகுத்த எல்லை 30 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் இரண்டு கிலோ. உடம்பின் மேல் எந்த அழுத்தத்திலும் கூடவே கூடாது. பக்கவாட்டுத் துளையுள்ள பாதுகாப்பு முனைகள் சந்தையில் கிடைக்கின்றன. முனையை எங்காவது அழுத்தி அடைத்தாலும் காற்று பக்கவழியே போய்விடும்.

அயனிங் பிரிவில் ஹோஸுக்குள் இருப்பது நீராவி. நான்கு கிலோ அழுத்தத்தில் அதன் வெப்பம் சுமார் 150 பாகை. பி.யூ. டியூபுக்கு 60 பாகையே அதிகம், எனவே காற்று லைனின் மிச்சத்தை இங்கே யாரும் மாட்டுவதில்லை. ஆனால் காற்றுக்கான க்யூ.ஆர்.சி.யை மாட்டுவது உண்டு. அதற்குள் இருக்கும் நைட்ரைல் ரப்பர் அந்தச் சூட்டில் கெட்டியாகி விரிசல் விடும். அதைவிடப் பெரிய சங்கடம், ஹோஸின் தாழ்வான வளைவில் தேங்கும் கொதிநீர். 150 பாகையில் திரவமாகவே இருக்கும் அந்த நீர், அழுத்தம் விலகிய கணத்தில் பத்தில் ஒரு பங்கு ஆவியாகப் பொங்கும். ஒரு லிட்டர் தேங்கியிருந்தால் சுமார் 150 லிட்டர் நீராவி. நீராவி ஹோஸைப் பொறுத்தவரை விரைவு இணைப்பே வேண்டாம் என்பது என் கட்சி. போல்ட் போட்டு இறுக்கும் கிளாம்பும், நீராவிக்கென்றே செய்த ஹோஸும், கழற்றுவதற்கு முன் வடிகால் வால்வும் போதும். அயன் பெட்டியை மாற்றுவது மணிக்கொரு முறை நடக்கும் வேலையல்ல.

சாயப்பட்டறைகளில் கேள்வி வேறு விதமாகிறது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. மீண்டும் திறந்தவை கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாற வேண்டியிருந்தது. எதிர் சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் பம்பும் ஹோஸும் ரசாயனமும் கூடின. டேங்கர் லாரியிலிருந்து தொட்டிக்கு ரசாயனம் இறக்க, இரண்டு கைப்பிடிகளை மடக்கினால் பூட்டும் கேம்லாக் இணைப்பு பரவலாகப் பயன்படுகிறது. இங்கே உலோகம் எது என்பது முதல் கேள்வி. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனைக் கிளப்பும். அந்த வேலைக்கு அலுமினியக் கேம்லாக் கூடாது, துருப்பிடிக்காத எஃகோ பாலிபுரொபிலீனோ வேண்டும். வாஷர் இ.பி.டி.எம். ரப்பராக இருக்கலாம், ஆனால் அதே வாஷர் எண்ணெய் கலந்த காற்று லைனில் ஊதிப்போகும், அங்கே நைட்ரைல்தான். வைட்டான் ரப்பர் விலை உயர்ந்தது என்பதால் எதற்கும் ஆகும் என்று நினைப்பவர்கள் உண்டு. சூடான காஸ்டிக்கில் சாதாரண வைட்டான் தாங்காது.

ஹைட்ரஜன் பெராக்சைடு இன்னும் நுட்பமானது. வெளுப்புக்கு வரும் 50 சதவீதப் பெராக்சைடு ஒரு லிட்டர் முழுமையாகச் சிதைந்தால் ஏறத்தாழ 200 லிட்டர் ஆக்சிஜன் வெளிவரும். செம்பு, இரும்பு, துரு ஆகியவை அந்தச் சிதைவை வேகப்படுத்தும். பித்தளை இணைப்பு கிட்டவே வரக் கூடாது. கழற்றும்போது இரு பக்கமும் அடைத்துக்கொள்ளும், ஒரு சொட்டும் சிந்தாத இணைப்பான் வேறு திரவங்களுக்குச் சிறந்ததுதான். ஆனால் இரண்டு அடைப்புகளுக்கு நடுவே பெராக்சைடு சிக்கினால் வாயு போக வழியில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் உலோகத்தையே பிளக்கும். மூடிய பால் வால்வின் குண்டுக்குள் தங்கும் சிறு அளவுக்கும் இதே கதிதான். அதற்காகவே குண்டில் ஒரு சிறு துளையிட்ட வால்வுகளைப் பெராக்சைடுக்கென்று செய்கிறார்கள். கசியாமல் இருப்பது எப்போதும் நல்ல குணமென்று நினைத்தால், இங்கே அந்தக் குணமே வெடிக்கிறது.

அடுத்தது, எந்தக் குழாயை எந்தத் தொட்டியில் மாட்டுகிறோம் என்பது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் அட்சிசன் என்ற ஊரில், 2016 அக்டோபர் 21 அன்று, ஓர் ஆலைக்கு வந்த சல்ஃபியூரிக் அமில லாரியின் ஹோஸ் தவறுதலாக சோடியம் ஹைப்போகுளோரைட் தொட்டியின் வாயில் மாட்டப்பட்டது. இரண்டு வாய்களும் ஒன்றரை அடி தள்ளி, ஒரே மாதிரி இருந்தன; சரியான பெயர்ப் பலகை இல்லை. அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் கலந்து பச்சை நிறக் குளோரின் மேகம் ஊருக்குள் நகர்ந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவ உதவி தேடிப் போனார்கள். கழிவுநீரின் நிறத்தைப் போக்க ஹைப்போகுளோரைட்டும், காரத்தைக் குறைக்க அமிலமும் ஒரே வளாகத்தில் இருப்பது நம் பக்கத்திலும் உண்டு. பெயிண்டும் பலகையும் உதவும், இரவு இரண்டு மணிக்கு உதவாது. அமில வாய் ஒன்றரை இஞ்ச், ஹைப்போகுளோரைட் வாய் இரண்டு இஞ்ச் என்று அளவையே மாற்றிவிட்டால் தவறான ஹோஸ் மாட்டவே மாட்டாது. மருத்துவமனைகளில் ஆக்சிஜனுக்கும் மற்ற வாயுக்களுக்கும் வெவ்வேறு முனைகள் வைத்திருப்பது இதே காரணத்துக்காகத்தான். ஆகவே 'எல்லா அளவுக்கும் பொருந்தும்' அடாப்டர் ஒன்று ரசாயன ஸ்டோரில் கிடந்தால், அதைத் தூக்கி வெளியே போடுங்கள்.

பொருந்தாமை காப்பாற்றும் இடம் அது. பொருந்தாமை அழிக்கும் இடமும் ஒன்று உண்டு. 1904 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் பற்றியெரிந்தபோது வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் ஆகிய ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ரயிலேறி வந்தன. அவர்களுடைய ஹோஸ் இணைப்புகள் பல பால்டிமோர் ஹைட்ரன்டுகளில் ஏறவில்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்து முடிந்தன. அதற்குப் பிறகுதான் அங்கே பொது அளவுக்கான முயற்சி வலுத்தது.

நமக்கு அந்தச் சங்கடம் குறைவு. இந்தியாவில் தீயணைப்பு ஹோஸ்களுக்கு 63 மி.மீ. உடனடி இணைப்பு என்று ஐ.எஸ். 903 தரம் வகுத்திருக்கிறது. ஆண் முனையைப் பெண் முனைக்குள் தள்ளினால் இரு பக்கமும் ஸ்பிரிங் வைத்த கொக்கிகள் விளிம்பைப் பற்றிக்கொள்ளும். பனியன் கம்பெனியின் ஹைட்ரன்டும் தீயணைப்பு வண்டியின் ஹோஸும் ஒன்றில் ஒன்று பூட்டிக்கொள்வது இதனால்தான். வெளிநாட்டு வாங்குநர் கேட்டார் என்று வேறு நாட்டு அளவில் ஒரு பெட்டியை மாட்டி வைத்தால், தணிக்கையில் மதிப்பெண் கிடைக்கலாம், வண்டியின் ஹோஸ் ஏறாது. 63 மி.மீ. இணைப்பில் ஏழு கிலோ அழுத்தம் 218 கிலோ விசையாகிறது. கொக்கி பாதி பூட்டியிருந்தால் அதைத் தாங்காது. பெண் முனைக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் அவிநாசி வெயிலில் காய்ந்து விறைத்திருந்தாலோ, கொக்கியின் இடுக்கில் பஞ்சு அடைத்திருந்தாலோ 'கிளிக்' சத்தம் வராது. ஹைட்ரன்ட் பெட்டியைத் திறந்து, ஹோஸை ஒருமுறை மாட்டிக் கழற்றி, வாஷரை விரலால் அழுத்திப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். ஹார்டுவேர் கடையில் அந்த வாஷர் தனியாகவே கிடைக்கிறது.